ஏழாவது அதிகாரம்

மனைவியின் பிஸ்கட் டப்பாவில் பதினோரு கேசட்டுகள் இருந்தன. பதினொன்றையும் அப்சர் போட்டுக் கேட்டான். பதினொன்றிலும் அவன் குரல்தான் இருந்தது.

முதல் கேசட்டைப் போட்டபோது பக்கம் மாறிவிட்டது என்று நினைத்தான். திருப்பிப் போட்டான். அங்கேயும் அவன்தான். "அஸ்ஸலாமு அலைக்கும் பர்வின். நான் சொகம். இங்க வெயில் தாங்கல. ரூம்ல ஏசி ரெண்டு நாளா ஓடல. நீ படிச்சு அனுப்புனத கேட்டேன். நல்லா இருந்துச்சு." அதற்கப்புறம் ஒரு இருமல். அப்புறம் பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை பற்றி நாலு வரி. நாலாவது கேசட்டில் அதே வெயில், அதே குறட்டை, அதே நல்லா இருந்துச்சு. ஏழாவதுக்கு வந்தபோது தவறு எதுவும் இல்லை என்று புரிந்துவிட்டது. இருந்தாலும் மிச்ச நாலையும் கேட்டு முடித்தான். தொடங்கிய வேலையை முடிப்பது சவூதியில், தம்மாமில் ஸ்டோர் கீப்பராக இருந்து வந்த பழக்கம்.

முத்துப்பேட்டையில் வளைகுடாவுக்குச் சபர் போனவர்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் நடுவில் அந்த வருஷங்களில் கேசட்தான் ஓடியது. எஸ்.டி.டி. பூத்தில் வரிசை நின்று பேசினால் பின்னால் நிற்பவர் காதில்தான் எல்லாம் விழும். கடிதம் என்றால் உம்மாமார்களுக்கு யாராவது படித்துச் சொல்ல வேண்டும். கேசட் அப்படியில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம், கதவைச் சாத்திக்கொண்டு கேட்கலாம். லீவு முடிந்து போகிறவர் ஊறுகாய்ப் பொட்டலத்தோடு அதையும் கொண்டுபோவார். வருகிறவர் தைலத்தோடும் சோப்போடும் பதிலைக் கொண்டுவருவார்.

பதில் அதே கேசட்டில் வரும். அதுதான் முறை. பக்கத்து வீட்டிலிருந்து கறி வந்த கிண்ணத்தை இந்த ஊரில் யாரும் வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. நாலு பேரீச்சம்பழமாவது, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். கேசட்டும் கிண்ணம் மாதிரிதான். வந்ததைக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே பேசித் திருப்பி அனுப்புவது. அப்சரும் அப்படித்தான் செய்தான். பர்வின் ஒரு மணி நேரம் பேசி அனுப்பியதன் மேல் பத்து நிமிஷம் பேசுவான். மிச்சத்தை வெறுமனே ஓடவிடுவான். ஓர் ஓரத்தில் பழைய குரல் ஒட்டிக்கொண்டிருந்தால் அரைகுறையாக இருக்கும், மரியாதையில்லை என்று அவனுக்கு அப்போது தோன்றியது.

பர்வின் முறைப்படி செய்யவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. அவன் அனுப்பிய எதன் மேலும் அவள் பேசவில்லை. ஒவ்வொரு தடவையும் புதுக் கேசட் வாங்கியிருக்கிறாள். வந்ததில் எண் போட்டு, தேதி எழுதி, டப்பாவில் அடுக்கியிருக்கிறாள். பதினோரு தடவை அவள் அவனைப் பத்திரப்படுத்தினாள். பதினோரு தடவை அவன் அவளை அழித்தான்.

அவள் பேசியது என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. அவள் படித்தாள்.

கல்யாணம் தொண்ணூற்றாறு ஜூனில். ஐம்பது நாள் சேர்ந்து இருந்தார்கள். அந்த ஐம்பது நாளில் அவன் கண்டுகொண்டது, அவள் எப்போதும் ஒரு புத்தகத்தை அரிசிப் பானை மூடி மேல் கவிழ்த்து வைத்திருப்பாள் என்பது. கதைப் புத்தகம் இல்லை. தேர்தலில் மக்கள் எதைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள், கூட்டமாகச் சேர்ந்தால் மனிதன் ஏன் வேறு ஆளாகிவிடுகிறான், பஞ்சகாலத்தில் யார் யாருக்குச் சோறு போட்டார்கள், இப்படியான புத்தகங்கள். கிளை நூலகத்தில் புதுவரவு அலமாரிக்கு வந்த அன்றே எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

"நீங்க வரலாறு படிச்சவருன்னு சொன்னாங்க. அதுக்குத்தான் தலையாட்டுனேன்" என்றாள் ஒரு நாள்.

"ஆமா. மன்னார்குடில. பி.ஏ."

"கட்டுனதுக்கப்புறந்தான் தெரியுது மச்சான், அது பரீட்சைக்குப் படிச்ச வரலாறுன்னு."

அவன் சிரித்தான். அது உண்மை. பட்டம் வாங்கிய அன்று அவனுக்கு வரலாறு முடிந்துபோயிருந்தது.

அவன் சபர் போனபின் புத்தகங்களை அனுப்பப் பார்த்தாள். சபுராளிகள் யாரும் வாங்கவில்லை. இருபது கிலோப் பெட்டியில் கருவாட்டுக்கு இடம் உண்டு, நார்த்தங்காய்க்கு உண்டு, புத்தகத்துக்கு இல்லை. "ஒரு பொஸ்தகம் ரெண்டு பாட்டில் ஊறுகாய்மா" என்று ஒருவர் கையில் தூக்கிப் பார்த்துச் சொன்னாராம். அதனால் படித்து அனுப்பத் தொடங்கினாள். ஒரு கேசட்டுக்கு ஓர் அதிகாரம். அலுப்பான இடம் வந்தால் "இங்க ரெண்டு பக்கம் புள்ளிவிவரம், தாண்டுறேன்" என்று சொல்லிவிட்டுத் தாண்டுவாள். ஒவ்வொரு அதிகாரத்தின் முடிவிலும் ஒரு கேள்வி கேட்பாள். "நீங்க என்ன நெனைக்கிறீங்க மச்சான்?"

அந்தக் கேள்விகளுக்கு அவன் சொன்ன பதில்தான் டப்பாவில் இருந்தது. நல்லா இருந்துச்சு.

தொண்ணூற்றேழு அக்டோபரில் பர்வினுக்கு மூன்று நாள் காய்ச்சல். நாலாவது நாள் தஞ்சாவூருக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அன்று அஸர் தொழுகைக்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். அப்சர் வந்து சேர ஐந்து நாள் ஆயிற்று. மையத்தாங்கொல்லையில் ஐப்பசி மழை பெய்து, எது புது மண், எது பழைய மண் என்று தெரியாமல் எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. மச்சினன்மார் காட்டிய இடத்தில் நின்று துஆ கேட்டுவிட்டு வந்தான்.

வீடு பர்வினுடையது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து இருப்பான். பெண் போனபின் மாப்பிள்ளை எவ்வளவு நாள் இருக்கலாம் என்பதற்கு முறை எதுவும் கிடையாது. கீழே மாமியார் ஜன்னத் பீவி இருந்தார். மாடியில் இவன். தெருவில் பார்க்கிறவர்கள், "எப்ப சபர்?" என்று கேட்டார்கள். "பாக்கலாம்" என்றான். ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் விசா போய்விடும்.

பதினோரு கேசட்டையும் கேட்டு முடித்த அன்று, மாமியார் கறி ஆணத்துக்கு இரும்பு உரலில் மல்லி இடித்துக்கொண்டிருந்தார். அவன் படியிறங்கி வந்து நின்றான்.

"மாமி, வேற கேசட் இருக்கா?"

உலக்கை நின்றது. "டப்பால இருக்கே, மாப்புள."

"அதெல்லாம் நான் பேசுனது."

ஜன்னத் பீவி அவனைப் பார்த்தார். புரிந்துகொண்டாரா என்று சொல்ல முடியாது. "யூசுப்ட்ட ஒண்ணு குடுத்து உட்டாளே. காச்சல் வர்றதுக்கு எட்டு நாளக்கி முந்தி. ஒங்கள்ட்ட வந்து சேரலயா?"

சேரவில்லை. எதிர் வீட்டு முகம்மது யூசுப் வேலை பார்ப்பது ஜுபைலில். ஓய்வு கிடைக்கிற வெள்ளிக்கிழமை தம்மாமுக்கு வந்து கொடுக்கலாம் என்று வைத்திருப்பார். அந்த வெள்ளிக்கிழமை அப்சர் விமானத்தில் இருந்தான்.

அப்படியானால் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாவது. அழியாதது.

யூசுப் இருந்த கேம்ப்புக்குப் போன் கிடையாது. தங்கச்சி கல்யாணத்துக்கு ஜனவரியில் மறுபடி லீவு போட்டு வருவார் என்று அவர் வீட்டில் சொன்னார்கள். மூத்தவர் என்பதால் காக்கா போட்டு அப்சர் கடிதம் எழுதினான். "யூசுப் காக்காவுக்கு, சலாம். பர்வின் கொடுத்துவிட்ட கேசட் உங்களிடம் உள்ளது. வரும்போது கொண்டுவரவும்." எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தான். இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும் போல இருந்தது. என்ன வரி என்று யோசித்தான். ஒரு கேசட்டுக்காகக் கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும். ஒட்டி அனுப்பினான்.

பிறகு நூலகத்துக்குப் போனான்.

கிளை நூலகத்தில் நூலகர் நீலாம்பாள். திருவையாற்றுக்காரர். வேலைக்காக இங்கே வந்து பன்னிரண்டு வருஷம். அப்சர் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார்.

"உக்காருங்க சார். வரணும்னு நெனச்சேன். வீடு தெரியும். வந்து என்ன பேசுறதுன்னுதான் தெரியல."

அவன் உட்கார்ந்தான். மின்விசிறி ஓடியது. செய்தித்தாள் மேசையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவங்க உள்ள வந்தா இந்த மேசையில பேப்பர் எல்லாம் மொகத்துக்கு மேல போயிரும்" என்றார் நீலாம்பாள். "துப்பட்டி போட்ட பொண்ணு ஆம்பளைங்க நடுவுல வந்து அலமாரிய மேயுறத பாக்கவும் முடியாது, பாக்காம இருக்கவும் முடியாது. ஒருத்தர் பேப்பரத் தலகீழா புடிச்சிருப்பாரு. இவங்க போற போக்குல, 'பெரியப்பா, பேப்பர திருப்பிப் புடிங்க'ன்னுட்டுப் போவாங்க."

மேசையில் ஒரு பேப்பர் அசைந்தது.

"கதைப் புத்தகமே எடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். யாராவது அவளைப் பற்றிச் சொல்வதைக் கேட்க வேண்டியிருந்தது.

"தொட மாட்டாங்க. 'கதைதான் தெருவெல்லாம் நடக்குதே மேடம், ஏன் நடக்குதுன்னு எவனாச்சும் எழுதியிருந்தா குடுங்க'ம்பாங்க." நீலாம்பாள் அலமாரிக்குப் போய் ஒரு புத்தகத்தோடு வந்தார். கரும்பச்சை அட்டை. "கடைசியா இதுதான். ஒங்க மாமியார் திருப்பிக் குடுத்து உட்டாங்க. வேற யாரும் கேக்கல. ஒங்க பேர்ல போட்டுத் தர்றேன்."

அது இந்தக் கழிமுகத்து ஊர்களிலிருந்து போனவர்களைப் பற்றிய புத்தகம். நூறு வருஷமாக நெல் விளையும் நாட்டிலிருந்து ஏன் ஆள் ஏற்றுமதியாகிறது என்று ஒருவர் ஊர் ஊராகப் போய் எழுதியது. முதலில் ரங்கூன், பிறகு மலாயா, இப்போது வளைகுடா. ஆசிரியர் நாகப்பட்டினத் துறைமுகத்துப் பழைய பதிவேடு ஒன்றில் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் கப்பல் ஏறிய அந்த ஒரு மனிதனை அதிகாரத்துக்கு அதிகாரம் துரத்திக்கொண்டு போகிறார். நடுநடுவே அரசியல் வரும், கால்வாய் வெட்டிய கதை வரும், தொண்ணூற்றொன்றுக்குப் பின் கடலோரத்தில் வயல்கள் இறால் குட்டைகளான கதை வரும். மறுபடி கப்பல்காரன் வருவான்.

ஆறு அதிகாரங்கள் அப்சர் ஏற்கனவே கேட்டவை. ஆறிலிருந்து பதினொன்று வரையிலான கேசட்டுகள். பன்னிரண்டாவதில் ஏழாவது அதிகாரம் இருக்கும்.

அவன் முதலிலிருந்து படித்தான். தினமும் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, அவள் பதிவு செய்த நேரத்தில், அவள் உட்கார்ந்த ஜன்னலோரத்தில். சில வாக்கியங்களில் அவள் குரல் கேட்டது. சிலவற்றில் கேட்கவில்லை. அவை அவள் தாண்டிப்போன பக்கங்கள் என்று கண்டுபிடித்தான். புள்ளிவிவரம் எல்லாம் குரல் இல்லாமல் இருந்தது.

கேள்விகளை ஞாபகப்படுத்தப் பார்த்தான். ஆறில் ஒன்றுதான் முழுசாக வந்தது, ஆறாவது அதிகாரத்தின் கேள்வி. "பசியிலயா போனாங்க மச்சான்? பசிச்சவனால கப்பலுக்கு நடந்தே போக முடியாதுன்னு இவரே எழுதுறாரு. அப்ப எதுல போனாங்க? நீங்க எதுல போனீங்க?" அதற்கு அவன் பதினோராவது கேசட்டில் கொடுத்த பதிலைப் போட்டுக் கேட்டான். அந்த வாரம் கேம்ப்பில் மீன் போட்டார்கள் என்று இருந்தது.

ஆறாவது அதிகாரத்தின் கடைசிப் பக்கத்தில் நிறுத்தினான். ஏழாவதைத் திறக்கவில்லை. அதை அவள் படிக்க வேண்டும். அவள் கேட்பாள். இந்தத் தடவை ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். யாருக்கு, எப்படி என்பதையெல்லாம் அவன் யோசிக்கவில்லை. கேள்வி வேண்டும். அவ்வளவுதான்.

புத்தகத்தை நாலு தடவை நீலாம்பாளிடம் கொண்டுபோய் தவணை நீட்டி முத்திரை வாங்கி வந்தான்.

"இன்னுமா முடியல?" என்றார் நாலாவது தடவை.

"பாதிதான் ஆச்சு."

"அவங்க ரெண்டு நாள்ல முடிச்சுருவாங்க" என்றார். சொல்லிவிட்டு முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி மூன்றாவது வாரம் யூசுப் வந்தார். வந்த அன்று வீடு கொள்ளாத கூட்டம். அப்சர் போகவில்லை. மறுநாள் யூசுப்பே வந்தார். செண்ட் மணக்க, கையில் ஒரு பேரீச்சம்பழப் பெட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் பையில் சுற்றி ரப்பர் போட்ட ஒரு சின்னப் பொட்டலம். அப்சரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினார். அப்சர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தான். மற்றவர்கள் அழும்போது முதுகைத் தட்டுவது இந்த மூன்று மாதத்தில் அவனுக்கு நன்றாக வந்திருந்தது.

"இந்தாங்க தம்பி. ஒங்க அமானிதம், பத்தரமா இருக்கு" என்று பொட்டலத்தைக் கையில் வைத்தார். "ஹேண்ட்பேக்ல வச்சு நெஞ்சோட அணைச்சுக் கொண்டாந்தேன். பெட்டியில போடல."

"சுக்ரன் காக்கா."

"ஒங்க லெட்டர் வந்த அன்னிக்கே ரூம்ல எல்லாரையும் உக்கார வச்சுட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? கேசட்டக் கொண்டாங்கன்னு நீங்களே வாய் விட்டுக் கேட்டுட்டீங்க. வெறுங்கேசட்டயா கொண்டாந்து குடுப்பாங்க? நா பேசியிருக்கேன். நம்ம ரூம் ஆளுங்க பதினாலு பேரும் பேசியிருக்காங்க. பக்கத்து ரூம்லேந்தும் வந்தாங்க. ஒருத்தன் பாக்கியில்ல. அழுதுக்கிட்டே பேசியிருக்கோம் தம்பி. கேட்டுப் பாருங்க, மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

அப்சர் பொட்டலத்தைப் பார்த்தான். ரப்பர் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

"அதுல முன்னாடி..." என்றான்.

யூசுப் சட்டென்று கையை உயர்த்தினார். "கேக்கல. அல்லா மேல ஆணையா ஒரு வார்த்த கேக்கல. புருசன் பொண்டாட்டி பேச்சு, அதக் கேக்குறது ஹராம். ஒருத்தன், 'கொஞ்சம் போட்டுப் பாப்போம், என்ன இருக்குன்னு'ன்னான். அறைஞ்சுருவேன்னேன். நேரா மொதல்லேந்து ஓட உட்டுப் பேசிட்டோம். ஒங்க மானம் எங்க மானம் இல்லயா?"

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஜன்னத் பீவி நின்றிருந்தார். அவர் கண்கள் அப்சர் மேல் இருந்தன.

"நீங்க செஞ்சது சரிதான் காக்கா" என்றான் அப்சர். "உக்காருங்க. டீ சாப்டுட்டுப் போங்க."

ஜன்னத் பீவி டீ போடப் போனார்.

மறுநாள் லுஹருக்குப் பின் அவன் கேசட்டை டூ-இன்-ஒன்னில் போட்டான். போடாமலேயே வைத்துவிடலாமா என்று நினைத்தான். ஆனால் பதினாலு பேர் பேசியிருக்கிறார்கள்.

யூசுப் நீளமாக ஒரு துஆ ஓதினார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் முதலில் தொண்டையைக் கனைத்தார்கள். "நான் சீர்காழி, சமையல்காரன். ஒங்கள ஒரு தடவ பாத்துருக்கேன். ரெண்டு புரோட்டா கூட வச்சேன், வேணாம்னீங்க. ஞாபகம் இருக்கா?" ஞாபகம் இல்லை. "நான் டிரைவர் சாமிதுரை, தெக்குத்தெரு. எனக்கு இதெல்லாம் பேச வராதுங்க. எங்க அம்மா செத்தப்ப நானும் போவ முடியல. ஏழாவது நாள் லாரியில இருக்கும்போதுதான் அழுதேன். நீங்களும் அழுதுருங்க தம்பி. வண்டி ஓட்டும்போது மட்டும் வேணாம்." யாரோ சிரித்தார்கள். யாரோ அதட்டினார்கள். இன்னொருவர் தொடங்கி, தொடங்க முடியாமல், "அடுத்த ஆளு பேசு" என்றார்.

முதல் பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டான். அங்கேயும் பேசினார்கள். அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவர்களும் கிண்ணத்தை நிரப்பித்தான் அனுப்பியிருக்கிறார்கள். விளிம்பு வரை.

விளிம்புக்கு முன்னால் ஆட்கள் தீர்ந்துபோனார்கள். "அவ்வளவுதானா? வேற யாரும் இல்லயா? சரி நிறுத்து" என்று யூசுப்பின் குரல். ஒரு 'டக்'.

அப்புறம் ணங் ணங் என்று இரும்பு உரல் சத்தம்.

"...உம்மா, செத்த நேரம் இடிக்காதீங்களேன், பதிவாவுது." சத்தம் நின்றது. "மச்சான், உம்மா நிறுத்திட்டாங்க. எங்க உட்டேன்? ஆங். 'அவன் மனைவியைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை. கப்பலில் ஏறியவர்களை இந்தத் துறைமுகம் எண்ணியது. இறங்கியவர்களை அந்தத் துறைமுகம் எண்ணியது. கரையில் நின்றவர்களை எண்ணுவது யாருடைய வேலையும் இல்லை. இந்தப் புத்தகத்துக்காக நானும் இதுவரை எண்ணவில்லை.'" பக்கம் திரும்பும் ஓசை. "பாருங்க, ஏழாவது அதிகாரம் வந்துதான் இவருக்கு நம்ம ஞாபகம் வந்துருக்கு. இருநூத்திப் பத்துப் பக்கம் தாண்டி." சிரித்தாள். மூக்கால் சிரிக்கிற அந்தச் சிரிப்பு. "ஐயோ, கேசட் முடியப் போவுது மச்சான். ஒரு கேள்வி இருக்கு. இதுல எடம் பத்தாது. அடுத்த கேசட்ல கே..."

கேசட் நின்றது. பொத்தான் தானாக மேலே வந்தது.

கீழேயும் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தபோது மாடிப்படியின் கடைசிப் படியில் ஜன்னத் பீவி உட்கார்ந்திருந்தார். முந்தானையில் மல்லி வாசம். எவ்வளவு நேரமாக இருந்தார் என்று தெரியவில்லை.

"மாமி, அது என்ன கேள்வின்னு ஒங்கள்ட்ட சொன்னாளா?"

"எங்கிட்ட எங்க சொல்லுவா. எனக்குப் பதில் தெரியாதுன்னு அவளுக்குத் தெரியும்." முந்தானையை உதறிக்கொண்டு, "ஒங்களுக்கும் தெரியாதுன்னு தெரியும். இருந்தும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா" என்றார்.

அப்சர் தலையாட்டினான்.

"மாப்புள, நா ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க மாமி."

"அந்தக் கப்பல்காரன் திரும்பி வந்தானா?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை.

"அதான், நாவப்பட்டணத்துல கப்பல் ஏறுனானே. அவ படிக்கிறப்ப நா கீழ உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருப்பேன். இடிக்கக் கூடாதுன்னுட்டா, வேற என்ன செய்ய? ரங்கூன்ல அரிசி மில்லுல சேந்தான். சண்ட வந்துச்சு. ஊருக்குக் கெளம்புனான்னு சொன்னா. அதுக்கப்புறம் காச்சல் வந்துருச்சு." யாருக்குக் காய்ச்சல் என்று அவர் சொல்லவில்லை. "மூணு மாசமா மண்டைய கொடையுது. ஒங்கள்ட்ட கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. பிள்ளய பறிகுடுத்துட்டு இவளுக்குக் கப்பல்காரன் கேக்குதான்னு நெனச்சுருவீங்கன்னு."

"நான் இன்னும் படிக்கல மாமி. ஏழாவதே படிக்கல."

"பொஸ்தகந்தான் மூணு மாசமா ஒங்க கையிலயே இருக்கே?"

ஜன்னத் பீவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு படி இறங்கி நின்றார்.

"அப்ப ஏழாவதே படிங்க. நா கேட்டதுதான். ரெண்டாந்தடவ கேட்டுக்குறேன்."

அப்சர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனான். பள்ளிவாசல் முக்கில் யூசுப் எதிரே வந்தார். "கேட்டீங்களா தம்பி?" என்றார், முகத்தை ஆராய்ந்துகொண்டே.

நல்லா இருந்துச்சு என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது.

"கேட்டேன் காக்கா. எல்லாத்தையும் கேட்டேன். அந்த டிரைவர் பேசுனத ரெண்டு தடவ கேக்கணும். அந்தக் கேசட்ட நான் வச்சுக்குறேன். திருப்பித் தர மாட்டேன்."

"ஒங்க கேசட்டுதான் தம்பி!" என்றார் யூசுப், ஒன்றும் புரியாமல்.

கடையில் ஒரு புதுக் கேசட் வாங்கினான். கண்ணாடித்தாள் பிரிக்காதது. கேசட்டில் பேசிப் பதினாலு மாதம் வாழ்ந்தவன், புதிதாக ஒன்றை வாங்கியது இதுதான் முதல் தடவை. கண்ணாடித்தாளை எந்த ஓரத்தில் கிழிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. பல்லால் கடித்துப் பிரித்தான்.

ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தான். பொத்தானை அழுத்தினான். கீழே உரல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏழாவது அதிகாரம்" என்றான்.

உரல் நின்றது.

அவன் படித்தான். வேகமாகப் படித்தான், பரீட்சைக்குப் படித்தவன் மாதிரி. கீழேயிருந்து "மெதுவா" என்று குரல் வந்தது. மெதுவாகப் படித்தான். புள்ளிவிவரம் வந்தது. தாண்டலாமா என்று நினைத்தான். இவை அவள் குரலில் வராத பக்கங்கள். தாண்டாமல் படித்தான். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள், எந்தெந்த வருஷம். கரையில் நின்றவர்களை எண்ணுவது யாருடைய வேலையும் இல்லை என்ற வரி வந்தது. அங்கே குரல் பிசகியது. திரும்ப முதலிலிருந்து அந்த வரியைப் படித்தான்.

அதிகாரம் முடிந்தது. கேசட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இங்கேதான் கேள்வி வர வேண்டும். அவன் காத்திருந்தான்.

"அவ பேரு என்னவாம்?" என்று கீழேயிருந்து ஜன்னத் பீவி கேட்டார். "அந்தக் கப்பல்காரன் பொண்டாட்டி பேரு?"

"போடல மாமி."

"போடலயா, தெரியலயா?"

அவன் பக்கத்தைப் பார்த்தான். முன்பக்கம் திருப்பிப் பார்த்தான். அடிக்குறிப்பில் தேடினான்.

"தெரியல மாமி" என்றான்.

அதுவும் பதிவாகியது. சற்று நேரம் கழித்து உரல் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியது. அவன் நிறுத்தவில்லை. கேசட்டில் இடம் இருந்தது.